கம்யூனிட்டி காலேஜிலிருந்து பிசினஸ் பட்டத்துக்கு: கலிபோர்னியாவில் டிரான்ஸ்பர் திட்டமிட ஒரு முழு வழிகாட்டி

"பொண்ணு எந்த காலேஜ்?" என்று கோயில் பிரகாரத்தில் யாராவது கேட்டால், பக்கத்து ஊர் கம்யூனிட்டி காலேஜின் பெயரைச் சொல்லும்போது குரல் தானாக இறங்கிவிடும் பெற்றோர் பலரை எனக்குத் தெரியும். இறங்க வேண்டியதே இல்லை. தமிழ்நாட்டில் பாலிடெக்னிக் முடித்தவர்கள் லேட்டரல் என்ட்ரியில் நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்வதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கலிபோர்னியாவில் இருப்பதும் அது போன்ற ஒரு வழிதான். முதல் இரண்டு ஆண்டுப் படிப்பைக் கம்யூனிட்டி காலேஜில் முடித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் நுழையலாம். கடைசியில் கையில் வரும் பட்டத்தில் பர்க்லியோ சான் ஹோசே ஸ்டேட்டோ, அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

ஆனால் இந்த வழியில் ஒரு கண்டிப்பு உண்டு. எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து முதல் செமஸ்டர் வகுப்புகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலோர் "முதல் வருஷம் பொதுவா எதையாவது படிக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தொடங்குகிறார்கள். அந்த "அப்புறம்" வரும்போது ஒரு வருடம் கூடுதலாகப் போயிருக்கும். எங்கள் வீட்டிலும் ஓரளவு அது நடந்தது. என்ன நடந்தது என்பதைக் கால்குலஸ் பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

பணக் கணக்கு

பாடத்தின் அளவை யூனிட் என்ற கணக்கில் சொல்வார்கள். கலிபோர்னியவாசிக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர். டிரான்ஸ்பருக்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர்தான் ஆகிறது. புத்தகமும் மற்ற சிறு கட்டணங்களும் தனி. கல்வியாண்டை மூன்று பருவங்களாகப் பிரிக்கும் குவார்ட்டர் முறையில் இயங்கும் டி ஆன்ஸா, ஃபுட்ஹில் போன்ற கல்லூரிகளில் ஒரு குவார்ட்டர் யூனிட் 31 டாலர். யூசி எனப்படும் கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகங்களில் இதே மாணவருக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 டாலர். தங்குமிடமும் சாப்பாடும் அதற்கு மேல். முதல் இரண்டு ஆண்டுகளை வீட்டிலிருந்தே படித்தால் மிச்சமாகும் தொகை எவ்வளவு என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இந்தக் குறைந்த கட்டணம் மாநிலவாசி என்று வகைப்படுத்தப்பட்டவர்களுக்கு மட்டும்தான். வேலை விசாவில் வந்தவர்களின் குடும்பத்துக்குத் தரப்படும் எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளும் ஓராண்டுக்கு மேல் இங்கே வசித்ததற்கான சான்றுகளைக் காட்டி மாநிலவாசியாக வகைப்படுத்தப்பட முடியும். எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. அவர்கள் யூனிட்டுக்குப் பல மடங்கு செலுத்த வேண்டியிருக்கும். நம் குடும்பங்கள் பலவற்றைத் தொடும் விஷயம் 21 வயது. கிரீன் கார்டு வரிசை நகராமல் பிள்ளைக்கு 21 ஆகிவிட்டால் எச்-4 முடிந்துபோகும். அது டிரான்ஸ்பர் ஆகும் ஆண்டிலேயே வந்து விழக்கூடும். ஆகவே பிறந்த தேதியையும் படிப்பு அட்டவணையையும் ஒரே தாளில் எழுதி வையுங்கள். குடியேற்ற வழக்கறிஞரிடம் முதல் ஆண்டிலேயே பேசிவிடுங்கள். எச்-4 பிள்ளைகளுக்குக் கூட்டாட்சி அரசின் கல்வி உதவி கிடையாது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: எந்த பிசினஸ் படிப்பு?

"பிசினஸ்" என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. பர்க்லியின் ஹாஸ் பள்ளியில் படிப்பது பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன். யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவை நினைத்து ஆசைப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் விண்ணப்பிப்பது பிசினஸ் எகனாமிக்ஸ். அது பொருளாதாரத் துறையின் படிப்பு. டேவிஸில் மேனேஜீரியல் எகனாமிக்ஸ், சான்டா பார்பராவில் எகனாமிக்ஸ் அண்ட் அக்கவுன்டிங் என்று ஒவ்வொரு வளாகத்திலும் பெயரும் மாறும், கேட்கும் முன்பாடங்களும் மாறும். அர்வைனிலும் ரிவர்சைடிலும் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் என்ற பெயரிலேயே இருக்கிறது.

கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னிய மாநிலப் பல்கலைக்கழகங்களில் பிசினஸ் பட்டத்துக்குள்ளேயே அக்கவுன்டிங், ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங் என்று பிரித்துப் படிக்கலாம். சான் ஹோசே ஸ்டேட், சான் டியேகோ ஸ்டேட், சான் லூயிஸ் ஒபிஸ்போவின் கால் பாலி ஆகியவற்றில் போட்டி அதிகம். யூசி என்றால் ஒசத்தி, கால் ஸ்டேட் என்றால் மட்டம் என்ற நினைப்பு நம்மிடம் இருக்கிறது. பிள்ளை அக்கவுன்டிங் படித்து இதே ஊரில் வேலைக்குப் போக விரும்பினால், சான் ஹோசே ஸ்டேட்டை நான் தயங்காமல் பட்டியலின் மேலே வைப்பேன்.

ஹாஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2024 இலையுதிர் பருவத்திலிருந்து ஹாஸ் நான்காண்டுப் படிப்பாக மாறியிருக்கிறது. ஆனாலும் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் சேரும் வழி இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே நேராக ஹாஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பர்க்லியில் வேறு துறையில் நுழைந்துவிட்டு உள்ளே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போட்டி மிகக் கடுமையானது, ஏறக்குறைய எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடு வைத்திருப்பவர்களே அங்கே போட்டியிடுகிறார்கள். ஆசைப்படலாம்; ஹாஸை மட்டும் நம்பித் திட்டம் போடக் கூடாது.

ஐந்து அல்லது ஆறு இடங்களை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு எட்டாத உயரம் போலத் தெரிபவை, இரண்டு நடுத்தரம், ஒன்றிரண்டு கிட்டத்தட்ட உறுதியானவை என்ற கலவை போதும்.

இரண்டாம் படி: அசிஸ்ட் தளத்தில் ஒரு மாலை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு காரியத்தைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். அசிஸ்ட்.ஆர்க் என்பது கலிபோர்னியாவின் அதிகாரபூர்வ ஒப்பந்தத் தளம். உங்கள் கம்யூனிட்டி காலேஜ், போக விரும்பும் பல்கலைக்கழகம், மேஜர் (எடுக்கப்போகும் முதன்மைப் படிப்பு) ஆகிய மூன்றையும் கொடுத்தால், அங்கே கேட்கும் ஒவ்வொரு பாடத்துக்கும் இங்கே எந்தப் பாடம் ஈடு என்பது பக்கம் பக்கமாக வரும். கட்டணமில்லை, கணக்குத் திறக்கவும் தேவையில்லை.

ஐந்தாறு ஒப்பந்தங்களையும் அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் பரப்புங்கள். எல்லாத் தாளிலும் வரும் பாடங்களை ஒரு நிறத்தில் அடிக்கோடிடுங்கள். பெரும்பாலும் அவை மைக்ரோ எகனாமிக்ஸ், மேக்ரோ எகனாமிக்ஸ், ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங், மேனேஜீரியல் அக்கவுன்டிங், கால்குலஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஆங்கிலக் கட்டுரைப் பாடங்கள். இவைதான் முதுகெலும்பு. ஓரிரு இடங்களில் மட்டும் கேட்கும் பாடங்களை வேறு நிறத்தில் குறியுங்கள். கால் ஸ்டேட் வளாகங்கள் பலவற்றில் பிசினஸ் லா இப்படி வரும், சில இடங்களில் கம்ப்யூட்டர் பாடம் ஒன்றும் வரும்.

தாளைப் படிக்கும்போது "ஈடான பாடம் இல்லை" என்ற வரியைக் கவனியுங்கள். உங்கள் காலேஜில் அந்தப் பாடம் இல்லையென்றால், பக்கத்து கம்யூனிட்டி காலேஜில் அதை மட்டும் எடுக்கலாம். அப்படி இரண்டு காலேஜில் படிப்பது சாதாரணம். ஆனால் எல்லா இடத்து மதிப்பெண் பட்டியலையும் கடைசியில் அனுப்பியாக வேண்டும்.

பாட எண்கள் மாறிவருவதையும் நினைவில் வையுங்கள். மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாட எண்கள் வந்துகொண்டிருக்கின்றன. முதல் ஆண்டு ஆங்கிலம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போன்றவற்றின் எண்கள் சி1000 என்று முடியும். அண்ணன் படித்த காலத்துப் பட்டியலைத் தம்பிக்குக் கொடுத்தால் எண்கள் பொருந்தாது. எந்தக் கல்வியாண்டுக்கான ஒப்பந்தம் என்பதைத் தாளின் மேலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: கால்குலஸும் அக்கவுன்டிங்கும்

பிசினஸ் டிரான்ஸ்பரில் இடறும் இடங்கள் பெரும்பாலும் இவை இரண்டும்தான். அதனால் இங்கே நிதானமாகச் சொல்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜ்களில் பிசினஸ் கால்குலஸ் என்று ஒரு பாடம் இருக்கிறது. பெயரைப் பார்த்ததும் பிசினஸ் மாணவருக்கு உரியது இதுதானே என்று தோன்றும். கால் ஸ்டேட் வளாகங்கள் பலவற்றுக்கு அது போதும். ஆனால் யூசிஎல்ஏவின் பிசினஸ் எகனாமிக்ஸுக்கு முழுக் கால்குலஸ் தொடரில் இரண்டு பாடங்கள் வேண்டும். என் மகள் தோழிகளோடு சேர்ந்து முதல் செமஸ்டரில் பிசினஸ் கால்குலஸ் எடுத்தாள், நல்ல கிரேடும் வாங்கினாள். அடுத்த மார்ச் மாதத்தில்தான் அசிஸ்ட் தாளைப் பிரித்துப் பார்த்தோம். திரும்பவும் தொடக்கத்திலிருந்து முழுக் கால்குலஸை எடுக்க வேண்டியதாயிற்று. அதிலும் ஒரு வருத்தம், பிசினஸ் கால்குலஸும் முழுக் கால்குலஸும் எடுத்தால் யூசி இரண்டில் ஒன்றுக்குத்தான் கிரெடிட் தரும். அவளுடைய ஒரு கோடையும் அடுத்த செமஸ்டரின் நிம்மதியும் அதில் போயின. அன்று ஒரு மணி நேரம் செலவழித்து அந்தத் தாளைப் படித்திருந்தால் போதும் என்று இன்றும் எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது. பட்டியலில் ஒரே ஒரு யூசி இருந்தாலும் முழுக் கால்குலஸ் தொடரையே எடுப்பது நல்லது. அதைக் கால் ஸ்டேட்டும் ஏற்கும்.

அடுத்தது அக்கவுன்டிங். செமஸ்டர் காலேஜில் இது இரண்டு பாடம். குவார்ட்டர் காலேஜில் அதே உள்ளடக்கம் மூன்று பாடமாகப் பிரிந்திருக்கும். குவார்ட்டர் காலேஜில் முதல் பாடத்தை மட்டும் முடித்துவிட்டு, நடுவில் செமஸ்டர் காலேஜுக்கு மாறினால், அந்த ஒரு பாடம் எதற்கும் முழு ஈடாக நிற்காமல் தொங்கும். தொடர் பாடங்களைத் தொடங்கிய காலேஜிலேயே முடிப்பது என்று ஒரு விதியே வைத்துக்கொள்ளுங்கள். கால்குலஸுக்கும் இதே விதிதான்.

நான்காம் படி: பொதுப்பாடங்களை மேஜரோடு சேர்த்துப் பின்னுவது

2025 இலையுதிர் பருவத்திலிருந்து சேர்பவர்களுக்கு, யூசிக்கும் கால் ஸ்டேட்டுக்கும் பொதுவாகக் கால்-கெட்சி என்ற ஒரே பொதுப்பாடத் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மொத்தம் 34 செமஸ்டர் யூனிட். ஆங்கிலக் கட்டுரை, விமர்சனச் சிந்தனை, மேடைப்பேச்சு, கணிதம், கலை, சமூக அறிவியல், ஆய்வகத்தோடு கூடிய அறிவியல், இனக்குழு ஆய்வு எல்லாம் இதற்குள் அடங்கும். ஒவ்வொன்றிலும் சி கிரேடாவது வேண்டும். அதற்கு முன்பே சேர்ந்தவர்கள் பழைய ஐகெட்சி திட்டத்திலேயே தொடரலாம். காலேஜில் பாடத் தேர்வுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேஜருக்கு எடுக்கும் பாடமே பொதுப்பாடத்துக்கும் கணக்காகும்படி பார்த்துக்கொண்டால் யூனிட் மிச்சம். கால்குலஸ் அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கணிதப் பகுதியை நிரப்பிவிடும். ஆனால் மைக்ரோவும் மேக்ரோவும் எடுத்ததால் சமூக அறிவியலின் இரண்டு இடமும் நிரம்பிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டும் வெவ்வேறு துறையிலிருந்து வர வேண்டும். பொருளாதாரம் ஒரே துறை என்பதால், உளவியலோ சமூகவியலோ அரசியலோ இன்னொன்று எடுத்தாக வேண்டும்.

இரண்டுக்கும் இடம் போதவில்லை என்றால், மேஜர் முன்பாடங்களுக்கே முதலிடம். பொதுப்பாடம் ஒன்று பாக்கி இருந்தால் அங்கே போயும் படிக்கலாம். கால்குலஸ் பாக்கி இருந்தால் உள்ளேயே விட மாட்டார்கள்.

ஐந்தாம் படி: நான்கு செமஸ்டரின் நிரல்

விண்ணப்பம் இரண்டாம் ஆண்டின் நவம்பரில் போய்விடும். அப்போது கையில் இருப்பது முதல் ஆண்டு கிரேடுகளும் இடைப்பட்ட கோடையும் மட்டுமே. இலையுதிர் செமஸ்டர் கிரேடுகளை ஜனவரியில் சேர்த்துக் கொடுக்கலாம். ஆக, நான்கு செமஸ்டர் படித்தாலும் எடைபோடப்படுவது முதல் மூன்றுதான். கஷ்டமான பாடங்களைக் கடைசிக்கு ஒத்திப்போட இங்கே இடமில்லை.

முதல் செமஸ்டரில் ஆங்கிலம், முதல் கால்குலஸ், மைக்ரோ எகனாமிக்ஸ், பிள்ளைக்குப் பிடித்த ஒரு பொதுப்பாடம் என்று தொடங்கலாம். இரண்டாவதில் விமர்சனச் சிந்தனை, இரண்டாம் கால்குலஸ், மேக்ரோ, ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங். கோடையில் ஒரு லேசான பொதுப்பாடம். மூன்றாவதில் மேனேஜீரியல் அக்கவுன்டிங், ஸ்டாட்டிஸ்டிக்ஸ், மேடைப்பேச்சு, அறிவியல். நான்காவதில் மீதி. செமஸ்டருக்குச் சராசரி 15 யூனிட் வந்தால் 60 நிரம்பும். யூசிக்கு அந்த 60-உம், சேரும் ஆண்டின் வசந்த செமஸ்டருக்குள் முடிந்திருக்க வேண்டும். கடைசிக் கோடையில் முடித்துக்கொள்ளலாம் என்று விட்டுவைக்கக் கூடாது.

முதல் செமஸ்டரிலேயே கால்குலஸும் அக்கவுன்டிங்கும் சேர்த்து வைக்காதீர்கள். பள்ளியிலிருந்து வந்த பிள்ளைக்கு இரண்டும் புது வேகம். முதல் அரையாண்டில் வரும் ஒரு சி, அப்புறம் வரும் எல்லா ஏ கிரேடுகளையும் கீழே இழுக்கும். சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்து மாற்றவும் முடியாது. டி அல்லது எஃப் வாங்கினால்தான் மறுபடி எடுக்க வழி. பாடம் கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் கடைசித் தேதிக்குள் விலகி, கிரேடுக்குப் பதில் டபிள்யூ என்ற குறி வாங்குவது சில நேரம் அறிவுள்ள முடிவு. ஒரு டபிள்யூவால் யாரும் இடம் இழப்பதில்லை.

நம் பிள்ளைகள் பலர் பள்ளியில் இருக்கும்போதே கம்யூனிட்டி காலேஜ் வகுப்பு எடுக்கிறார்கள். பதினைந்து வயதில் விளையாட்டுப் போக்கில் வாங்கிய அந்த கிரேடும் நிரந்தரமாகப் பதிவில் நிற்கிறது, டிரான்ஸ்பருக்குப் பார்க்கும் சராசரி கிரேடான ஜிபிஏவிலும் சேர்கிறது. இது தெரியாமல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைப் பதிவு செய்துவிடுகிறோம். அந்த மதிப்பெண் பட்டியலை மறைக்கவும் முடியாது. படித்த எல்லாக் காலேஜையும் விண்ணப்பத்தில் எழுதியாக வேண்டும்.

ஆறாம் படி: உறுதிகளைப் பெறுவது

டேக் என்று அழைக்கப்படும் டிரான்ஸ்பர் உறுதி ஒப்பந்தம் ஆறு யூசி வளாகங்களில் இருக்கிறது: டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ இதில் இல்லை. ஒரு வளாகத்துக்கு மட்டுமே டேக் போடலாம். செப்டம்பர் 1 முதல் 30 வரைதான் நேரம். எந்த மேஜருக்கு டேக் உண்டு, எந்த ஜிபிஏ வேண்டும் என்பதை வளாகம்தோறும் ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள், பிசினஸ் போன்ற நெரிசலான மேஜர்களில் குறிப்பாகப் பார்க்க வேண்டும். டேக் போட்டதால் மற்ற வளாகங்களுக்கு விண்ணப்பிக்கத் தடை ஏதும் இல்லை. தகுதி இருந்தும் இதை விடுபவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

கால் ஸ்டேட் பக்கம் இருப்பது ஏடிடி எனப்படும் டிரான்ஸ்பருக்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தரும் இணைப் பட்டம். பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷனில் இதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி, விண்ணப்பத்திலும் முன்னுரிமை. "எங்காவது" என்பதை அழுத்திப் படியுங்கள். சான் ஹோசேயோ கால் பாலியோதான் என்று அது சொல்லவில்லை.

ஏழாம் படி: விண்ணப்பம்

யூசி விண்ணப்பம் ஆகஸ்டு 1-இல் திறக்கும். அனுப்புவது அக்டோபர், நவம்பர் மாதங்களில். கடைசித் தேதி சில ஆண்டுகளில் டிசம்பர் முதல் நாள், இரண்டாம் நாள் வரை தள்ளிப்போனதுண்டு. அதை நம்பி உட்கார வேண்டாம். கால் ஸ்டேட்டுக்கும் ஏறக்குறைய அதே காலம், ஆனால் தனி விண்ணப்பம், கட்டுரை கிடையாது. யூசிக்கு எஸ்ஏடி நுழைவுத் தேர்வு தேவையில்லை.

யூசி கேட்பது நான்கு சிறு கட்டுரைகள், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அதில் ஒன்று டிரான்ஸ்பர் மாணவருக்குக் கட்டாயம்: இந்த மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்ற கேள்வி. இங்கேதான் "சின்ன வயதிலிருந்தே பிசினஸில் ஆர்வம்" என்ற வரி வந்து விழுகிறது. அது எதையும் சொல்வதில்லை. மாமாவின் மளிகைக் கடையில் சனிக்கிழமைதோறும் நின்ற பிள்ளை, எந்த வாரம் முருங்கைக்காய் வீணாகிறது என்று குறித்துவைத்துக் கொள்முதலை மாற்றச் சொன்ன கதை அதைவிட ஆயிரம் மடங்கு பேசும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு இலவசமாக வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் வீட்டா தன்னார்வத் திட்டம் இருக்கிறது. அக்கவுன்டிங் படிக்கும் பிள்ளைக்கு அதைவிட நல்ல களம் கிடையாது. முதல் ஆண்டு குளிர்காலத்திலேயே அதில் சேர்ந்தால் விண்ணப்பம் எழுதும்போது சொல்ல உண்மையான அனுபவம் இருக்கும். கட்டுரையைப் பெற்றோர் எழுதித் தர வேண்டாம். படித்துவிட்டு, "இதில் நீ எங்கேடா இருக்கே?" என்று மட்டும் கேளுங்கள்.

கவுன்சிலரைச் செமஸ்டருக்கு ஒரு முறையாவது பாருங்கள். அவர்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்கிறார்கள். அசிஸ்ட் தாளோடு, எழுதிய கேள்விகளோடு போனால் அரை மணி நேரம் பொன்னாகும். ஒருவர் சொன்னதை இன்னொரு முறை தாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பிய பிறகு

ஜனவரியில் யூசி கேட்கும் கிரேடு புதுப்பிப்பை மறக்காமல் நிரப்புங்கள், அதை விட்டதால் மட்டுமே இடம் கைநழுவலாம். ஹாஸ் தன் கூடுதல் படிவத்தைத் தனியாகக் கேட்கும். மின்னஞ்சலை வாரம் இரண்டு முறையாவது பார்க்கச் சொல்லுங்கள். கலிபோர்னிய அரசின் கல்வி உதவிக்குத் தகுதி உள்ளவர்களுக்கு மார்ச் 2 வழக்கமான கடைசி நாள். யூசி முடிவுகள் ஏப்ரல் இறுதிக்குள் வந்துவிடும். சேர்கிறேன் என்று தெரிவிக்க ஜூன் 1 வரை நேரம் உண்டு.

இடம் கிடைத்துவிட்டது என்று வசந்த செமஸ்டரில் தளர்ந்துவிடக் கூடாது. அந்த அனுமதி நிபந்தனையோடு வந்தது. எடுப்பதாகச் சொன்ன பாடத்தைச் சொல்லாமல் விட்டாலும், கிரேடு வெகுவாகச் சரிந்தாலும் திரும்பப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது. பாடத்தை மாற்றும் நிலை வந்தால், மாற்றுவதற்கு முன்பே அந்த வளாகத்துக்கு எழுதிக் கேளுங்கள். இறுதி மதிப்பெண் பட்டியல்கள் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். அதோடு பொதுப்பாடத் திட்டம் முடிந்ததற்கான சான்றிதழையும் கம்யூனிட்டி காலேஜிடம் தனியாகக் கேட்டு அனுப்பச் சொல்லுங்கள். கேட்காமல் அது தானாகப் போகாது.